பழைய ஃப்ளாட்டை இடிக்கக் கொடுக்கிறீர்களா? முதலில் நிலக் கணக்கைப் பாருங்கள்

பழைய ஃப்ளாட்டை பில்டரிடம் இடித்துக் கட்டக் கொடுத்துவிட்டு என்னிடம் வருகிறவர்களில், இந்த மாதத்தில் மட்டும் இது நான்காவது கேஸ். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சென்னை மந்தைவெளியில் 1984-ல் கட்டிய குடியிருப்பு. தரைத்தளத்தையும் சேர்த்து மூன்று தளம், லிஃப்ட் கிடையாது, மொத்தம் 12 வீடுகள். அதில் ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கணவர் இல்லை. இடித்துக் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டர் வந்திருக்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, தன் சார்பில் செயல்பட பில்டருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரமும் பதிவாகி மூன்று வாரம் கழித்துத்தான் டீச்சர் என்னிடம் வந்தார். “எல்லாரும் போட்டாங்கம்மா, நானும் போட்டுட்டேன். பழசைக் குடுத்துட்டுப் புதுசு சும்மா வாங்கிக்கப் போறோம், இதுல என்ன நஷ்டம்னு செக்ரட்டரி சொன்னார்” என்றார்.

இந்தச் “சும்மா”வைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. மயிலாப்பூர், மேற்கு மாம்பலம், தி.நகர், கோடம்பாக்கம் எங்கும் இதே பேச்சுத்தான். ஆகவே இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தயவுசெய்து ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் ஃப்ளாட்டின் சுவருக்கும் கூரைக்கும் 40 வருடத்தில் மதிப்புத் தேய்ந்துவிட்டது, உண்மைதான். ஆனால் உங்கள் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். நிலத்தில் பிரிபடாத பங்கு, அதாவது யூடிஎஸ், இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். உங்கள் சொத்து அதுதான். பில்டர் தேடி வருவதும் அதற்காகத்தான்.

ஒரு உதாரணம். மூன்று கிரவுண்ட் நிலம், 7,200 சதுர அடி. 12 வீடு என்றால் ஒரு வீட்டுக்கு 600 சதுர அடி யூடிஎஸ். பழைய வீடு 750 சதுர அடி, புது வீடு 900 என்கிறார் பில்டர். 150 அடி கூடுதல் என்று எல்லோருக்கும் சந்தோஷம். இப்போது அந்த நிலத்தில் எவ்வளவு கட்டலாம் என்று பாருங்கள். நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்எஸ்ஐ. முன்பு சாதாரணக் கட்டடத்துக்கு அது 1.5. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அது 2. சாலை 12 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், அரசுக்குக் கட்டணம் கட்டி அதற்கு மேல் 40 சதவீதம் பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம்; 18 மீட்டர் சாலை என்றால் 50 சதவீதம். 40 என்றே வைத்துக்கொள்வோம். 7,200-ஐ 2.8-ஆல் பெருக்கினால் 20,160 சதுர அடி கட்டலாம். உங்கள் 12 பேருக்கும் சேர்த்துப் போவது 10,800. மிச்சம் 9,360 சதுர அடி பில்டர் விற்பதற்கு.

அந்த 9,360 அடியை வாங்க வருகிறவர்களுக்கும் நிலத்தில் பங்கு எழுதித் தர வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? உங்கள் 600-லிருந்துதான். 20,160 அடியில் உங்கள் வீடு 900 அடி என்ற விகிதத்தில், புதுக் கட்டடத்தில் உங்கள் பங்கு சுமார் 321 சதுர அடியாக இறங்கிவிடும். 279 சதுர அடி நிலத்தை விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். சதுர அடி 15,000 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 42 லட்சம். அதற்குப் பதிலாக உங்களுக்கு வரும் 900 அடி வீட்டைக் கட்ட, அடிக்கு 3,000 ரூபாய் வீதம் 27 லட்சம்தான். விலைகள் உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் தெருவின் விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பில்டருக்கு லாபமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரீமியம் கட்டணம், கட்டி முடியும் வரை நீங்கள் வெளியே தங்க அவர் தரும் வாடகை, விற்காமல் போனால் வரும் நஷ்டம் எல்லாம் அவர் தலையில். பேரம் பேசுவதற்கு முன் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். இந்தக் கணக்குத் தெரிந்த 12 பேர் உட்கார்ந்தால் பேச்சே வேறு மாதிரி நடக்கும். 900 அடி 1,050 ஆனதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அந்த 900 எந்த 900? கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் இடம், எவ்வளவு என்று எண்ணில் எழுதி வாங்குங்கள். படிக்கட்டு, லிஃப்ட், லாபி எல்லாம் சேர்த்த கணக்கில் 900 என்றால், பழைய வீட்டை விடச் சின்ன ஹாலில் போய் உட்காருவீர்கள்.

இன்னொரு பயமுறுத்தல்: “மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒத்துக்கிட்டா போதும், உங்க கையெழுத்தே வேண்டாம்.” தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, நடைமுறைக்கு வந்தது 2024-ல். மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று அது சொல்வது உண்மை. ஒரே ஒருவர் முரண்டு பிடித்ததால் இடிந்து விழும் நிலையிலும் கட்டடத்தைத் தொட முடியாமல் இருந்தவர்களுக்கு இது நல்லதுதான். ஆனால் எதிர்த்தவரின் நிலப் பங்கை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் எட்டுப் பேர் கட்டைவிரல் காட்டினால் அது தீர்மானமும் ஆகாது. சங்கம் பதிவாகியிருக்கிறதா, பொதுக்குழு கூடியதா, மினிட்ஸ் எங்கே என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பவர் பத்திரம். இதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வரும். உங்கள் முழுப் பங்குக்கும் பவர் கொடுக்காதீர்கள். பில்டருக்குப் போகிற பங்குக்கு மட்டும், எத்தனை சதுர அடி என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். “பிடிக்கலைன்னா கேன்சல் பண்ணிடலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால், ஒப்பந்தச் சட்டம் 202-வது பிரிவின்படி அதை உங்கள் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. டீச்சர் மாட்டியிருப்பது இங்கேதான்.

உங்களுக்கு வரும் வீட்டின் எண், தளம், கார் நிறுத்தும் இடம் எல்லாம் வரைபடத்தில் குறித்து, ஒப்பந்தத்தோடு இணைத்திருக்க வேண்டும். பில்டர் தன் பங்கு வீடுகளை விற்கப் போகிறார். நிலம் 500 சதுர மீட்டரையும் வீடுகள் எட்டையும் தாண்டினால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். பதிவு எண் இல்லாமல் விற்பனையைத் தொடங்க விடாதீர்கள். பில்டர் வேலையைப் பாதியில் விட்டால் ஈடு கிடைக்க வங்கி உத்தரவாதம் கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். வரி விஷயத்தைக் கையெழுத்துக்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், பின்பு அல்ல. வீடு இன்னும் காலமான அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேலையை இன்றே தொடங்குங்கள். வீட்டு வசதி வாரிய ஒதுக்கீட்டு வீடு வைத்திருப்பவர்களில் பலர் கடைசித் தவணை கட்டியும் விற்பனைப் பத்திரம் வாங்காமலே விட்டிருக்கிறார்கள். பில்டர் வாசலுக்கு வந்த பிறகு அதற்காக அலையாதீர்கள்.

வாடகைப் பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 18 மாதத்துக்கு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். சாவி கைக்கு வரும் வரை என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே தெருவில் மூன்று கட்டடம் ஒரே நேரத்தில் இடிபட்டால் முப்பது நாற்பது குடும்பங்கள் அதே பேட்டையில் வீடு தேடும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெரியவர்களின் டாக்டர், எல்லாம் அங்கேதானே? வாடகை ஏறாமல் என்ன செய்யும்? பில்டர் தருகிற தொகைக்கு அங்கே வீடு கிடைக்காமல் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. புது வீடு தயாரானதும் விற்றுவிட்டார்கள். காரணம் மெயின்டனன்ஸ். பழைய கட்டடத்தில் மாதம் 1,500 கட்டியவர், லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு, செக்யூரிட்டி என்று வந்ததும் 5,000, 6,000 கட்ட வேண்டியிருக்கிறது. பென்ஷனில் எப்படி முடியும்? இதற்குத்தான் பில்டரிடமிருந்து கார்ப்பஸ் தொகை, அதாவது பராமரிப்புக்கான ஒரு மொத்தத் தொகை, வாங்கிச் சங்கத்தின் பெயரில் டெபாசிட் போடுங்கள் என்று கெஞ்சுகிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

வாடகைக்கு இருப்பவர்களே, உங்களுக்கும். 2019-லிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாவிட்டால் உங்கள் பேச்சு எடுபடாது. இடித்துக் கட்ட வீடு வேண்டும் என்றால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி விரட்ட அந்தச் சட்டத்தில் இடமில்லை.

படிக்கட்டுக்குக் கீழே இருபது வருடமாக இஸ்திரி போட்டவருக்கும், பின்கட்டில் தங்கியிருந்த வாட்ச்மேன் குடும்பத்துக்கும் எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி கிடையாது. அதைச் சேர்க்கும்படி இதுவரை இரண்டே சங்கங்கள்தான் என்னிடம் கேட்டிருக்கின்றன. தயவுசெய்து நீங்களும் கேளுங்கள்.

டீச்சர் விஷயத்தில், சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து பவர் பத்திரத்தின் நகல் வாங்கிவிட்டோம். 600 சதுர அடிக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பங்கைக் குறிப்பிட்டுத் திருத்தல் பத்திரம் போடச் சொல்லி பில்டருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. வியாழக்கிழமை பேச வருகிறார்கள். அதே குடியிருப்பில் இன்னும் நான்கு பேர் டீச்சரோடு வருகிறார்கள். யூடிஎஸ் கணக்கை டீச்சரே பழைய ஹோம்வொர்க் நோட்டு ஒன்றில் போட்டு, நான்கு பேருக்கும் விளக்கியிருக்கிறார்.