பென்சில் நுழையும் துளை போதும்

குளிர் கூடும் இரவுகளில் சமையலறைச் சுவருக்குள் பிறாண்டும் ஓசை கேட்டால், பெரும்பாலோர் உடனே தேடுவது எலிப்பொறியை அல்லது எலி மருந்தை. ஆனால் உள்ளே வந்துவிட்ட எலியைப் பிடிப்பது ஒரு வேலை. எலி வர இயலாதபடி வீட்டை அடைப்பது வேறொரு வேலை. எலியின் உடல் இயங்கும் விதத்தை அறிந்துகொண்டால், நிலைத்த பலன் தருவது இரண்டாவது வேலைதான் என்பது விளங்கும்.

உடலில் வெப்பம் உண்டாவது தசைகளிலும் உள்ளுறுப்புகளிலும். அது வெளியேறுவதோ தோலின் பரப்பு வழியாக. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடுகையில் பரப்பு பெருகுகிறது. அண்டாவில் உள்ள வெந்நீரைவிடக் கிண்ணத்தில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடுவதைப் போல, 20 கிராம் எடையுள்ள சுண்டெலி மிக விரைவாகச் சூட்டை இழக்கிறது. விலங்குகளின் வளர்சிதை மாற்ற வேகம், அதாவது உடல் ஆற்றலை எரிக்கும் வேகம், ஏறத்தாழ எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்ப அமைகிறது என்று விலங்குடலியல் அறிஞர் மாக்ஸ் கிளைபர் 1932-இல் காட்டினார். எடை கூடும் அளவுக்கு ஆற்றல் தேவை கூடுவதில்லை என்பது இதன் பொருள். அந்தக் கணக்கின்படி, சுண்டெலியின் ஒரு கிராம் உடல், மனிதனின் ஒரு கிராம் உடலைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு ஆற்றலை எரிக்க வேண்டியிருக்கிறது. கூடுதல் ஆற்றலைச் செலவிடாமல் அது சும்மா இருக்க வேண்டுமானால் சுற்றுப்புற வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் தீனி தேவை. குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிக்கும் வழக்கமும் எலிகளுக்குக் கிடையாது. வெளியே விதைகளும் பூச்சிகளும் குறையும் அதே வேளையில் தேவை மட்டும் கூடுகிறது. சூடும் தீனியும் சேர்ந்து கிடைக்கும் ஒரே இடம் நம் வீடு.

இந்த உறவு மிகப் பழையது. இன்றைய இஸ்ரேலின் வடபகுதியில் உள்ள ஐன் மல்லாஹா என்னும் தொல்லியல் களத்தில் கிடைத்த சுண்டெலிப் பற்களை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது வேளாண்மை தோன்றுவதற்கு முன்பே, மனிதக் குடியிருப்புகளில் சுண்டெலிகள் வாழத் தொடங்கிவிட்டன என்று 2017-இல் வெளியிட்ட ஆய்வில் எழுதினார்கள். இத்தனை காலமாக நம்மோடு வாழ்ந்து பழகிய உயிர், நாம் கவனிக்காத இடைவெளிகளையெல்லாம் நன்கு அறிந்திருக்கிறது.

அந்த இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் போதும். வளர்ந்த எலிக்கு 12 முதல் 13 மில்லிமீட்டர். எலிக்கு எலும்பே மடங்கிவிடும் என்று சிலர் சொல்வது உண்மையில்லை. அதன் விலா எலும்புக் கூடு நெகிழக்கூடியது, தோள்பட்டை ஒடுங்கியது. ஆகவே மண்டை ஓடு நுழையும் வழியில் மற்ற உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடுகிறது. சாதாரணப் பென்சில் ஒன்று ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. வீட்டைச் சுற்றிவந்து, பென்சில் நுழையும் துளை ஒவ்வொன்றையும் சுண்டெலிக்குத் திறந்திருக்கும் வாசல் என்றே எண்ணிக்கொள்ளலாம். இதைவிட எளிய அளவுகோலை நான் அறியேன்.

கழுவுதொட்டியின் கீழே குனிந்து, விளக்கடித்துப் பாருங்கள். சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாயைச் சுற்றி, குழாயைவிடப் பெரிதாகத் துளையிட்டு அப்படியே விட்டுப்போன வளையம் போன்ற இடைவெளி தெரியும். அதன் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்க் கை பட்டதுபோல் கறுத்து, லேசாக மின்னினால், அந்த வழி புழக்கத்தில் இருக்கிறது என்று பொருள். எலிக்குக் கண்பார்வை குறைவு. இருட்டில் அது மீசை மயிர்களை விநாடிக்குப் பல முறை முன்னும் பின்னும் அசைத்து, சுவரைத் தொட்டுணர்ந்தபடியே ஓடுகிறது. ஆகவே ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் உரசும்போது, மயிரில் உள்ள எண்ணெய்ப் பசையும் அழுக்கும் அங்கே படிந்துவிடுகின்றன. ஐயம் இருந்தால் துளையில் ஒரு காகிதச் சுருளைத் தளர்வாகச் செருகி வையுங்கள். மறுநாள் காலையில் அது தள்ளப்பட்டோ கடிக்கப்பட்டோ கிடந்தால் ஐயம் தீர்ந்தது.

எதைக் கொண்டு அடைப்பது என்பதை முடிவு செய்வது எலியின் பல். அதன் முன்பற்கள் நான்கும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. பல்லின் முன்புறத்தில் மட்டும் கடினமான எனாமல் இருக்கிறது. பின்புறத்தில் அதைவிட மென்மையான டென்டைன். கடிக்கக் கடிக்கப் பின்புறம் விரைவாகத் தேய, முன்புறம் தேயாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இவ்வாறு தச்சனின் உளிபோல் பல் தன்னைத் தானே தீட்டிக்கொள்கிறது. எனாமலில் சேர்ந்துள்ள இரும்புச் சத்தால்தான் எலிப்பல் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் இருக்கிறது. பொருள்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அந்த எனாமல் 5-ஐ ஒட்டி நிற்கிறது. செம்பு 3, அலுமினியமும் ஈயமும் அதற்கும் கீழே. பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் உதடுகளை மடித்து மூடிக்கொள்வதால், கொறிக்கும் பொருளின் துகள் வாய்க்குள் போவதும் இல்லை. ஆகவே தின்ன முடியாத பொருளையும் எலி தயங்காமல் கொறிக்கிறது.

மரக்கட்டை, ரப்பர், பிளாஸ்டிக், துளையில் பீய்ச்சினால் பொங்கி இறுகும் நுரை ஆகியவை தனியாக எலியைத் தடுக்கமாட்டா. துருப்பிடிக்காத எஃகு நாரைத் துளைக்குள் இறுக்கமாகத் திணித்து, அதன் மேல் சிமெண்டுக் கலவையைப் பூசுவது நல்ல முறை. நாரின் இழைகள் பல்லில் சிக்கிக்கொள்வதால் எலி அதைக் கொறிக்க விரும்புவதில்லை. சாதாரண எஃகு நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். காற்றுப் போக்கிகளுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள, தடித்த கம்பி வலை வேண்டும். கதவின் அடியில் தகடு அடிக்கலாம். கொறிக்கத் தொடங்க எலிக்கு ஒரு விளிம்பு தேவை. வழவழப்பான சமதளத்தில் பல் பிடிக்காது. ஆகவே அடைப்பின் ஓரம் துருத்திக்கொண்டிராமல் சுவரோடு சமமாக இருக்கட்டும்.

கீழே மட்டும் பார்த்தால் போதாது. சூடான காற்று மேலெழும்பிக் கூரையோரத்து இடுக்குகள் வழியே வெளியேறும்போது, சமையலின் மணமும் அதனோடு போகிறது. கயிற்றிலும் மரத்திலும் திறமையாக ஏறும் கூரை எலிக்கு அந்த இடுக்குகளே வாசல். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். பழுப்பு எலியோ மண்ணைத் தோண்டி அடித்தளத்தின் ஓரமாக வரும். அங்கே கம்பி வலையைச் செங்குத்தாகப் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்துவிட்டால், சுவரை ஒட்டித் தோண்டி வரும் எலி அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும்.

அடைப்பதற்கு முன்னும் பின்னும் பொறி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலியை உள்ளே வைத்தே பூட்டியதாகிவிடும். சுண்டெலியின் சூல்காலம் மூன்று வாரம் மட்டுமே என்பதால் தாமதம் கூடாது. பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் பக்கம் சுவரைத் தொடும்படி வையுங்கள். புதிய பொருளைக் கண்டால் பெரிய எலி அஞ்சி ஒதுங்கும். ஆகவே சில நாட்கள் பொறியை விசையேற்றாமல் இரையோடு வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு விசையேற்றுவது நல்லது. பசைப்பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஒட்டிக்கொண்ட உயிர் மணிக்கணக்கில் துடிக்கிறது.

மருந்து வைப்பது பல நேரங்களில் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சுகள் கொல்வதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் எலி சுவருக்குள் போய்ச் செத்து நாறும், அல்லது அதைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் நஞ்சு சேரும். நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி எலியை விரட்டுவதாகச் சொல்லப்படும் மீயொலிக் கருவிகளும் நம்பத்தக்கவை அல்ல. அவ்வொலி சுவரையும் மேசை நாற்காலிகளையும் ஊடுருவுவதில்லை; கேட்டுக் கேட்டு எலிக்கும் பழகிவிடுகிறது.

எச்சத்தைத் துப்புரவு செய்யும்போது உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள். எலியின் சிறுநீராலும் எச்சத்தாலும் ஹான்டா வைரஸ் போன்ற நோய்க்கிருமிகள் தூசியோடு காற்றில் கலந்து மூச்சில் ஏறக்கூடும். எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீரின் வழியே பரவுகிறது. சன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். பிறகு கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் துடைத்தெடுத்து, பையில் கட்டிப் போடுங்கள்.