சொல் விளக்கம்: அநாமதேயப் பின்னூட்டல்

கொழும்பிலுள்ள பல்கலைக்கழகங்களிலும் பிற உயர்கல்வி நிறுவனங்களிலும் ஒரு பாடம் நிறைவுறும் வாரத்தில் மாணவரிடம் ஒரு படிவம் வந்து சேரும். அதன் தலைப்பு சிங்களத்தில் ‘நிர்நாமிக பிரதிபோஷண’ என்றும் தமிழில் ‘அநாமதேயப் பின்னூட்டல்’ என்றும் அமைவதுண்டு. விரிவுரை விளங்கியதா, வாசிப்பு நூல்கள் கிடைத்தனவா, ஒப்படைகளுக்குத் தந்த கால அவகாசம் போதுமா என்பவற்றை மாணவர் தம் பெயரை எழுதாமலே சொல்லுவதற்கான படிவம் அது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட இளமாணிக் கற்கைநெறி மீளாய்வுக் கைநூலும் மாணவரின் கருத்தறிதலைத் தர உறுதிப்பாட்டின் ஓர் அங்கமாகவே கொள்கிறது.

இத்தலைப்பிலுள்ள இரு சொற்களுள் ‘பின்னூட்டல்’ பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. ‘உண்’ என்பதன் பிறவினையான ‘ஊட்டு’ அதன் அடி. ஒரு கருவியின் வெளியீட்டில் ஒரு பகுதியை அதன் உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பும் முறைக்கு ஆங்கிலப் பொறியியலில் வழங்கிய சொல், கல்வித்துறைக்குள் வந்தபோது தமிழில் இவ்வாறு பெயர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் ‘பின்னூட்டம்’ என்பர். இலங்கையில் ‘பின்னூட்டல்’ என்பதே பெருவழக்கு, அதற்கு இணையாக ‘முன்னூட்டல்’ என்றொரு சொல்லும் ஆசிரியர் கல்வியில் உண்டு. சிங்களத்தின் ‘போஷண’ என்பதும் ஊட்டத்தையே குறிக்கும். வகுப்பறையில் ஊட்டுபவர் ஆசிரியர் என்றே பழகிய நமக்கு, மாணவரும் ஆசிரியருக்கு ஊட்டலாம் என்பதை இச்சொல் உணர்த்துவதால் இதை மாற்றத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சிக்கல் ‘அநாமதேயம்’ என்பதில்தான் இருக்கிறது. வடமொழியில் ‘நாமதேயம்’ என்றால் இடப்பட்ட பெயர். அதன் முன் ‘அ’ என்னும் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து ‘அநாமதேயம்’, அதாவது பெயரில்லாதது, என்றாயிற்று. முன்னொட்டின் பின் நிற்பது ‘நாமம்’ ஆதலால் ‘அநாமதேயம்’ என்று தந்நகரம் இட்டு எழுதுவதே பொருத்தம். ‘அனாமதேயம்’ என்பது ஒலிப்பைப் பின்பற்றிப் பரவிய எழுத்து. ஆங்கிலத்தின் ‘அனானிமஸ்’ என்ற சொல்லோ கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் பெயரைக் குறிக்கும் ‘ஒனொமா’வும் வடமொழி ‘நாமன்’ என்பதும் ஒரே மூலத்தின் கிளைகள் ஆகையால், இரண்டையும் உடன்பிறந்த சொற்கள் எனலாம்.

ஆயினும் சொல்லின் பொருளை அதன் பிறப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளை வாசித்து வளர்ந்தவருக்கு ‘அநாமதேய’ என்றதும் அடுத்து நினைவுக்கு வருவது ‘தொலைபேசி அழைப்பு’; வெடிகுண்டு வைக்கப்பட்டிருப்பதாக மிரட்டிய அழைப்பு. அதனோடு சேர்ந்தே ‘இனந்தெரியாத நபர்கள்’ என்ற தொடரும் வரும், அந்தத் தொடர் இந்நாட்டில் எதையெல்லாம் குறித்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. பேச்சுவழக்கில் இதன் தம்பி ‘மொட்டைக் கடிதம்’. ஒரு முறை படிவத்தைக் கையில் வாங்கிய மாணவி ஒருவர், “மொட்டைக் கடிதம் போடுற மாதிரி இருக்கு, சேர்” என்று சொல்லிவிட்டு அதை வெறுமையாகவே திருப்பித் தந்தார். அவருடைய தயக்கத்துக்கு அந்தத் தலைப்பும் ஒரு காரணம் என்றே நான் இன்றும் கருதுகிறேன். நேர்மையாக ஒன்றைச் சொல்ல அழைக்கப்படும் ஒருவரை, ஒளிந்து நின்று கல்லெறிபவரின் பெயரால் அழைப்பது முறையாகாது.

மாற்றாகச் சிலர் ‘பெயரிலி’ என்பதை முன்வைக்கின்றனர். அழகிய சொல்தான்; ஆனால் ‘இலி’ என்னும் விகுதி ஒன்று இல்லாதவரைக் குறிப்பது. அகதியைக் குறிக்கும் ‘ஏதிலி’ என்ற சொல்லோடு வாழ்ந்த சமூகத்துக்கு அதன் கனம் தெரியும். மாணவருக்குப் பெயர் உண்டு, அது இங்கே கேட்கப்படுவதில்லை, அவ்வளவே. இந்தக் கேளாமையைக் குறிக்கும் சொல்லை நாம் புதிதாக ஆக்கத் தேவையில்லை என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி. தொல்காப்பியம் அகத்திணை பற்றிப் பேசுமிடத்தில் “சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்” என்கிறது. காதலைப் பாடும்போது இன்னாரென்று சுட்டிப் பெயர் சொல்லலாகாது என்பது விதி. அங்கே பெயர் சொல்லாமை ஒரு குறையாகக் கருதப்படவில்லை, சொல்லப்படும் உணர்வுக்குத் தரப்பட்ட மதிப்பாகவே கருதப்பட்டது. ஆகவே ‘பெயர் சுட்டாமை’ என்பதைப் பெயராகவும் ‘பெயர் சுட்டாப் பின்னூட்டல்’ என்பதைத் தலைப்பாகவும் நான் பரிந்துரைக்கிறேன். ‘சுட்டா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆதலால் அடுத்து வல்லெழுத்து மிகும்.

இச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னுமொரு வலுவான காரணம் உண்டு. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, பிரிந்த தலைவியின் துயரையும் பாசறையில் உறங்காத அரசனையும் காட்டும் பாட்டு. அதில் எவருடைய பெயரும் இல்லை. எனினும் அரசனோடு செல்பவனின் வேலில் வேம்பு சூட்டப்பட்டிருப்பதாக ஓரடி வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஓர் அடையாளத்தால் அப்பாட்டு அகமாகாது புறமாயிற்று என்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பெயரை நீக்கிவிட்டால் மட்டும் போதாது, ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் எஞ்சியிருக்கக்கூடாது என்ற நுட்பத்தை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க எனக்குத் தெரியவில்லை.

வகுப்பறையில் அந்த வேம்பு எவ்வடிவில் வரும் என்பதை நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வருகைதரு விரிவுரையாளராக இருந்தபோது கண்டேன். முப்பதுக்குச் சற்றுக் குறைவான படிவங்கள் நேரே என் கையில் தரப்பட்டன. அவற்றில் மூன்றே தமிழில் எழுதப்பட்டிருந்தன. ஒன்றில், வெண்பலகையில் எழுதுவதை அவர்கள் பிரதிபண்ணி முடிக்குமுன் நான் அழித்துவிடுவதாக எழுதியிருந்தது. ‘ழ’கரத்தின் வாலை அடுத்த வரி வரை இழுத்துவிடும் அந்தக் கையெழுத்தை ஒப்படைகளில் பலமுறை திருத்தியிருந்தேன். எழுதியது யாரென்று வாசித்த கணமே தெரிந்துவிட்டது. குறை உண்மையானது, அதன் பின் மெதுவாகவே அழித்தேன். ஆனால் நான் அறிந்துகொண்டேன் என்பதை அந்த மாணவரும் அறிந்தார். பருவம் முடியும்வரை அவர் என் முகத்தை நேரே பார்க்கவில்லை.

‘பெயர் தேவையில்லை’ என்று சொல்லிவிட்டுச் சுட்டெண் கேட்கும் படிவங்களும் உள்ளன. ‘சுட்டெண்’ என்ற சொல்லிலேயே சுட்டு இருக்கிறது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் விடைத்தாளில் பெயர் இராது, சுட்டெண் மட்டுமே இருக்கும். திருத்துபவருக்கு ஆள் தெரியாது, பரீட்சைத் திணைக்களத்துக்குத் தெரியும். இதற்கு ‘இரகசியம் பேணல்’ என்பதே சரியான பெயர். மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்குமாறு அமைக்கப்பட்ட கூகுள் படிவமும் இவ்வகையே. இரகசியம் பேணலும் மதிப்புடைய ஏற்பாடுதான், ஆனால் அதற்குப் ‘பெயர் சுட்டாத’ என்ற தலைப்பை இடுவது மாணவருக்குப் பொய்யுரைப்பதாகும்.

எனவே அத்தலைப்பை இடும் நிறுவனம் சுட்டெண்ணையும் மின்னஞ்சலையும் கேளாதிருப்பதோடு, மூன்று மொழிகளிலும் வந்த குறிப்புகளை ஒரே மொழியில் தட்டச்சுச் செய்வித்து, பெறுபேறுகள் வெளியான பின்னரே விரிவுரையாளரிடம் தர வேண்டும். தமிழ்மொழி மூலம் நான்கைந்து பேரே பயிலும் பாடமாயின், அவர்களின் குறிப்புகளை அடுத்த ஆண்டுத் தொகுதியினரின் குறிப்புகளோடு சேர்த்துத் தருவதே பாதுகாப்பானது.