64-க்கு இறங்கிவிட்டால் போதுமா? நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் நேரும் சாவுகள்

நெடுந்தூரக் குதிரைப் போட்டியில் ஒரு குதிரை இறந்துபோனால், பிறகு வரும் விளக்கங்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: 'மருத்துவப் பரிசோதனைகள் அனைத்திலும் குதிரை தேறியிருந்தது.' பல நேரங்களில் அது உண்மைதான். கால்நடை மருத்துவனாக அந்தப் பரிசோதனைக் களத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நிற்பவன் என்ற முறையில் எனக்குக் கவலை தருவதும் அதுவே. எங்கள் பரிசோதனை கடைசி வேலி. முதல் வேலி கடிவாளம் பிடித்திருப்பவரின் கையில் இருக்கிறது. அது விழுந்த பிறகு எங்களிடம் வரும் குதிரைகளில் சிலவற்றை எங்களாலும் காப்பாற்ற முடிவதில்லை.

எண்டூரன்ஸ் என்று அழைக்கப்படும் இந்தப் போட்டியின் உச்சம் ஒரே நாளில் 160 கிலோமீட்டர். அதைப் பல சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு சுற்று 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், உள்ளே வந்த 15 நிமிடங்களுக்குள் (கடைசிச் சுற்றில் 20) குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சில போட்டிகளில் இந்த வரம்பு 60, இன்னும் சிலவற்றில் 56. அதன் பிறகு ஈறுகளின் நிறம், தோலின் ஈரப்பதம், குடலின் ஓசை, நொண்டல் எல்லாம் பார்த்து, கட்டாய ஓய்வு கொடுத்து அடுத்த சுற்றுக்கு அனுப்புவோம்.

இந்த 64-ஐச் சுற்றித்தான் எல்லாத் தந்திரங்களும் நடக்கின்றன. குதிரை உள்ளே நுழைந்ததும் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டு குளிர்ந்த நீரை ஊற்றுவார்கள். அதில் தவறில்லை. சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் சதை பிடித்துக்கொள்ளும் என்ற பழைய பயத்தை, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகளே போக்கிவிட்டன. தாராளமாக ஊற்றுங்கள், நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஆனால் 64-க்கு எப்போது இறங்கியது என்பதையும் பாருங்கள். முதல் சுற்றில் மூன்று நிமிடத்தில் இறங்கிய குதிரை, மூன்றாம் சுற்றில் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால் அது விதிப்படி தேறிவிட்டது. உடம்பின் கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இன்னொரு சோதனையும் வைத்திருக்கிறோம். துடிப்பை எண்ணிவிட்டு, குதிரையை 40 மீட்டர் தூரம் ஓடவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து, ஓடத் தொடங்கிய நேரத்திலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுவோம். 60 என்று இருந்தது 72 ஆனால், நீர் ஊற்றி மறைத்தது வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

சவாரி செய்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. தாகத்தில் குதிரையை நம்பாதீர்கள். மனித வியர்வையில் உப்பு ரத்தத்தைவிடக் குறைவு. நமக்கு வியர்த்தால் ரத்தம் உப்புக்கூடி, மூளை தாகத்தை எழுப்பும். குதிரையின் வியர்வையோ ரத்தத்துக்கு இணையான உப்புடன், சில நேரம் அதைவிடக் கூடுதலான உப்புடன் வெளியேறுகிறது. வெயிலில் ஒரு மணிநேரத்துக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் வரை போகும். நீரும் உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தத்தின் உப்புத்தன்மை ஏறுவதில்லை. மூளைக்குச் செய்தியும் போவதில்லை. வாளியை வாயருகே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடம்பில் நீர் வற்றிய குதிரை தண்ணீரை மறுப்பதைப் பார்த்து, 'அதற்குத் தாகமில்லை, தெம்பாக இருக்கிறது' என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மருந்து உப்புதான், ஆனால் கொடுக்கும் விதம் முக்கியம். தண்ணீரே குடிக்காத குதிரையின் வாயில் கெட்டியான உப்புப் பசையைத் திணித்தால், குடல் உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். உப்பு கரைத்த நீரை முதல் வாளியாகக் குடிக்கப் பயிற்சி நாட்களிலேயே பழக்குங்கள். அப்படிக் குடித்த குதிரை அடுத்து வரும் வெறும் நீரையும் கூடுதலாகக் குடிக்கும்.

நீரும் உப்பும் இப்படி இறங்கிக்கொண்டே போனால் என்ன நடக்கும்? ரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடுவதால் குடல் மௌனமாகிவிடும். வயிற்றுவலியின் தொடக்கம் அது. சில குதிரைகளின் விலாப்புறத்தில் கை வைத்தால், மூச்சோடு சேராமல் இதயத் துடிப்போடு சேர்ந்து ஒரு துள்ளல் தெரியும். கால்சியமும் குளோரைடும் சரிந்ததால் உதரவிதானம் துடிக்கிறது. அந்தக் குதிரைக்குப் போட்டி அங்கேயே முடிந்தது. தசை சிதைந்தால் சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். அந்த நிறத்தை உண்டாக்கும் பொருள், நீர் குறைந்த சிறுநீரகத்தை அடைத்துக் கெடுக்கும். அந்த நேரத்தில் யாராவது வலி நிவாரணி ஊசி போட்டால் சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி.

2018 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டிரையனில் உலகப் போட்டி நடந்தது. வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து ஏறின. வியர்வை ஆவியாகாமல் வழிந்தது. போட்டியைப் பாதியில் ரத்து செய்தார்கள். களத்தில் இறங்கிய 95 குதிரைகளில் பாதிக்கும் மேல் சிகிச்சைக்குப் போயின. ஒரு நியூசிலாந்துக் குதிரையின் சிறுநீரகம் செயலிழந்ததால் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. உலகின் தேர்ந்த மருத்துவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். வானிலையோடு எந்த மருத்துவராலும் பேரம் பேச முடியாது.

எலும்பு முறிவின் கதை வேறு. அங்கே எதிரி வேகம். இந்த விளையாட்டின் நவீன வடிவம் 1955-இல் கலிபோர்னியாவில், இன்று டெவிஸ் கோப்பை என்று அழைக்கப்படும் சவாரியில் பிறந்தது. மலைப்பாதையில் 100 மைல், 24 மணிநேரம் அவகாசம். 'முடிப்பதே வெற்றி' என்பது அந்த மரபின் தாரக வாக்கியம். 1964-இலிருந்து, முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளில் எது நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ அதற்கென்றே தனிக் கோப்பையும் உண்டு. அதே தூரம் வளைகுடாவின் தட்டையான மணல் தடங்களுக்குப் போனபோது, சராசரி வேகமே மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒவ்வொரு ஓட்டமும் எலும்பில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும். ஓய்வில் அவை ஆறும். ஆறுவதற்கு முன் அடுத்த பந்தயம் வந்தால் ஒரு நாள் எலும்பு சட்டென்று ஒடியும். 2015-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் இரண்டு முன்னங்கால்களும் ஒடிந்து விழுந்த ஒரு குதிரையின் படம் உலகம் முழுக்கப் பரவியது. அந்த மார்ச் மாதம் எஃப்.இ.ஐ. என்ற சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அந்த நாட்டின் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. சில மாதங்களில் அது விலக்கப்பட்டாலும், 2016-இல் துபாயில் நடக்கவிருந்த உலகப் போட்டி ஸ்லோவாக்கியாவுக்கு மாற்றப்பட்டது. 2020-இல் மறுபடியும் இடைநீக்கம். இதில் எனக்குப் பிடித்த பகுதி, அதே நாட்டில் அபுதாபியின் பூதிப் தளம் எடுத்த முடிவு: வேகத்துக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் உச்சவரம்பு, துடிப்புக்கு 56. பாலைவனத்தில் மெதுவாக ஓட்டினால் யாரும் பார்க்க வர மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

வலியை மறைப்பது இவற்றை எல்லாம் விடக் கொடியது. 2016 அக்டோபரில் பிரான்ஸின் ஃபோந்தேன்புளோவில் ஒரு குதிரையின் வலது முன்னங்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு முறிந்தது. பிரேதப் பரிசோதனையில் ஊசி போட்ட தடங்கள் தெரிந்தன. கால் நரம்பு மரத்துப்போகச் செய்யப்பட்டிருந்தது. குதிரை தன் வலியை அறியாமலே ஓடியிருக்கிறது. 2020-இல் எஃப்.இ.ஐ. தீர்ப்பாயம் அந்தச் சவாரி வீரருக்கு 20 ஆண்டுகள் தடை விதித்தது. கால்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இப்போது விதிகளுக்குள் வந்துவிட்டது. வந்தது நல்லது, தேவைப்பட்டதே வெட்கம்.

ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரத்தில் மார்வாரி, காத்தியவாரிக் குதிரைகளை வைத்து இந்தப் போட்டிகளில் இறங்குபவர்கள் கூடிவருகிறார்கள். முதல் சுற்றிலேயே கூட்டத்தோடு பறப்பதுதான் புதியவர்களின் பொதுவான பழக்கம். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்டித் தரவுகளை அலசியபோதும், தொடக்கச் சுற்றுகளின் வேகத்துக்கும், பிறகு குதிரை போட்டியிலிருந்து வெளியேற்றப்படுவதற்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. லாயத்தில் வேலை செய்பவரின் பேச்சுக்குக் காது கொடுங்கள். 'டாக்டர் சார், நேற்று ராத்திரி வைத்த கொள்ளுத் தீனியில் பாதியைத்தான் தின்றது' என்று ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், பக்கத்தில் நிற்கும் உரிமையாளர் அவரை முறைப்பார். எனக்கோ அந்த ஒரு தகவல் பத்து நிமிடப் பரிசோதனைக்குச் சமம்.

போட்டி முடிந்த இரவையும் போட்டியாகவே எண்ணுங்கள். தேறிய குதிரை சில மணிநேரம் கழித்துச் சரிவது உண்டு. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை துடிப்பு, ஈறு, குடல் ஓசை, குளம்பின் சூடு பார்த்து எழுதிவையுங்கள். முதல் சிறுநீரின் நிறத்தை யாராவது ஒருவர் கட்டாயம் கண்ணால் பார்க்க வேண்டும். தின்று, குடித்து, சாணம் போடும்வரை வண்டியில் ஏற்றாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் வலி ஊசி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் எப்போது, என்ன, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் சிகிச்சை தொடங்குவதில்தான் எங்கள் நேரம் வீணாகிறது.