கீறிய சிடி பாடுகிறது, பளபளக்கும் சிடி படுத்துவிடுகிறது: ஏன்?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். மகன் இப்போது கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா என்று டிஜே போடுகிறார். வீட்டில் பை பையாக சிடிக்கள். ‘உடம்பெல்லாம் கீறல் விழுந்த டிஸ்க் அருமையாகப் பாடுகிறது. ஒரு கீறல்கூட இல்லாத டிஸ்க் மேடையில் படுத்துவிடுகிறது. இவற்றை எப்படிப் பிரித்து அடுக்குவது?’ என்பது அவர் கேள்வி.

டிஸ்க் எப்படிப் படிக்கப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் அடுக்கும் முறை தானாகவே பிடிபடும்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1982-இல் சோனியும் பிலிப்ஸும் சந்தைக்குக் கொண்டுவந்த சிடி, 1.2 மி.மீ. தடிமனுள்ள பாலிகார்பனேட் தட்டு. உள்ளிருந்து வெளியே போகும் ஒரே சுருள் தடம். அதில் நுண்ணிய பள்ளங்கள். வீட்டில் எழுதும் டிஸ்க் என்றால் லேசர் சுட்ட சாயப் புள்ளிகள். நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து கிடைத்த எண்கள்தான் அங்கே இருப்பவை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். அதாவது மையத்திலிருந்து விளிம்பு நோக்கி ஒரு மி.மீ. நீளத்துக்குக் கீறல் விழுந்தாலே அது அறுநூறுக்கும் மேற்பட்ட சுற்றுகளை வெட்டிவிடும். அப்படியும் பாட்டு வருகிறதே, எப்படி?

இரண்டு வித்தைகள் சேர்ந்து அதைச் செய்கின்றன. முதலாவது, கலைத்து எழுதுவது. வடசென்னை ஊர்ப் பெயர்களை வைத்தே பார்க்கலாம். ராயபுரம், பெரம்பூர், மாதவரம், கொளத்தூர். நான்குமே ஐந்தெழுத்துப் பெயர்கள். வரிசையாக எழுதிவைத்து, நடுவில் நான்கு எழுத்துகள் அழிந்துபோகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதவரத்தில் ‘மா’ மட்டும் மிஞ்சினால் அது மாதவரமா, மாம்பலமா? சொல்ல வழியே இல்லை. இப்போது ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, மேலிருந்து கீழாகப் படித்து எழுதுவோம்: ரா பெ மா கொ, ய ர த ள, பு ம் வ த், ர பூ ர தூ, ம் ர் ம் ர். இதிலும் அடுத்தடுத்த நான்கு எழுத்துகளை, ‘பு ம் வ த்’ என்பதை, அழித்துவிடுங்கள். திரும்ப அடுக்கினால் ரா-ய-_-ர-ம், பெ-ர-_-பூ-ர், மா-த-_-ர-ம், கொ-ள-_-தூ-ர். மூலக்கொத்தளம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் யாரும் நிரப்பிவிடுவார்கள். அழிவு அதே நான்கெழுத்துதான். ஆனால் ஒரு பெயரை மொத்தமாகக் கொல்லாமல், நான்கு பெயருக்கும் ஆளுக்கொரு சிராய்ப்பாகப் பகிர்ந்துவிட்டோம்.

ஊர்ப் பெயரை நாம் நிரப்புவோம். எண்ணை இயந்திரம் எப்படி நிரப்பும்? அதற்குத்தான் இரண்டாவது வித்தை. 3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். வரைபடத் தாளில் 1-க்கு மேல் 3, 2-க்கு மேல் 5 எனப் புள்ளி வைத்து ஒரு நேர்கோடு போடுங்கள். கோட்டை நீட்டினால் அடுத்த புள்ளிகள் 7, 9. நான்கையும் எழுதி அனுப்புங்கள். வழியில் 5, 7 அழிந்தால் என்ன, மிஞ்சிய 3, 9 வழியாக ஒரே ஒரு கோடுதான் போக முடியும். அதன் மேலேயே 5, 7 உட்கார்ந்திருக்கும். எந்த இரண்டு போனாலும் மீட்கலாம்!

சிடியில் 24 பைட்டுகளுக்கு (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்) இப்படி நான்கு துணை பைட்டுகள். நேர்கோட்டுக்குப் பதில் உயர்படி வளைகோடு. நாம் பழகிய எண்களுக்குப் பதில் 256 எண்கள் மட்டுமே உள்ள ஒரு தனி எண் உலகம். அங்கே எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடை அந்த 256-க்குள்ளேயே கிடைக்கும். தடம் ‘ஃபிரேம்’ எனும் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்த 28 பைட்டுகளும் நான்கு நான்கு ஃபிரேம் தள்ளித் தள்ளி, மொத்தம் 109 ஃபிரேம்களில் தூவப்படுகின்றன. ஒரு ஃபிரேமின் நீளம் ஏறக்குறைய ஆறில் ஒரு மி.மீ. அப்புறம் இன்னொரு நான்கு பைட் சேர்த்து 32. இந்த இரண்டாவது காவலாள் சின்னப் பிழைகளைத் தானே திருத்திவிட்டு, முடியாதவற்றை ‘இது கெட்டது’ என்று குறித்து உள்ளே அனுப்புவார். கெட்ட இடம் எது என்று தெரிந்தால் நான்கு பைட்டுகள் வரை மீட்கலாம். நான்கு பைட், நான்கு ஃபிரேம் இடைவெளி: 16 ஃபிரேம். தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மி.மீ. முழுதாக அழிந்தாலும் ஒரு எண்கூடப் பிசகாமல் திரும்பக் கிடைக்கும். எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிற இடம் இது.

இதன் கணிதத்தை இர்விங் ரீடும் குஸ்டாவ் சாலமனும் 1960-இல் எழுதினார்கள். அந்த எண் உலகமோ பிரெஞ்சுக் கணித மேதை கால்வா 1830-இல், இருபது வயதுகூட ஆகாதபோது, கண்டது. இன்று காசிமேட்டு மீன் கடையில் தண்ணீர் பட்டு ஓரம் கிழிந்த க்யூஆர் அட்டையும் ஸ்கேன் ஆவது இதே ரீட்-சாலமன் முறையால்தான். ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டு அடிப்படைக் கணிதத்துக்கு நிதியை வெட்டுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். 1912-இல் நம் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிய ராமானுஜனுக்கு, அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. பயன் கேட்டுத் தரவில்லை. அந்தத் துணிச்சல் இப்போதும் வேண்டும்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமே கொஞ்சம்தான் தின்கிறது. அது எளிதில் திருத்தப்படும். வட்டமாக, தடத்தோடு ஓடும் கீறல்தான் எமன். அதனால் டிஸ்க்கை வட்டமாகத் துடைக்கவே கூடாது. மெத்தென்ற துணியால் உள்ளிருந்து வெளியே நேராகத் துடையுங்கள்.

கீறல் இல்லாதது ஏன் படுக்கிறது? அடிப்பக்கத்தையே பார்க்கிறோம். லேசர் அந்தத் தடித்த பிளாஸ்டிக்கைத் தாண்டித்தான் குவிகிறது. கீழ்ப்பரப்பில் அதன் அகலம் ஏறக்குறைய 0.8 மி.மீ., எனவே தூசி அதற்குப் பொருட்டே இல்லை. பெயர் எழுதும் மேல்பக்கத்தில்தான் ஆபத்து. அங்கே உலோகப் பூச்சுக்கு மேல் சில மைக்ரோமீட்டர் அரக்குதான் காவல். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால், ஸ்டிக்கரைப் பிய்த்தால், பூச்சே பெயர்ந்துவிடும். திருத்த எதுவும் மிஞ்சாது. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரியும். எழுதும் டிஸ்க்கின் சாயமோ வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும். வண்டி டேஷ்போர்டில் போட்டுவைக்காதீர்கள்.

ஆக, முதல் பிரிப்பு மேல்பக்கத்தைப் பார்த்துத்தான். நடு வளையத்தின் நிறமற்ற பிளாஸ்டிக்கில் மார்க்கரால் ஓர் எண் மட்டும் எழுதுங்கள். பாட்டுப் பட்டியல் நோட்டில் இருக்கட்டும். அடுத்து ஆடியோ சிடியையும் எம்பி3 சிடியையும் தனித்தனிப் பையில் வையுங்கள். ஆடியோவில் மீட்க முடியாத எண்ணுக்கு அக்கம்பக்கத்து எண்களின் சராசரியை பிளேயர் போட்டுவிடும், காதுக்குத் தெரியாது. கோப்பில் அப்படி ஊகிக்க முடியாது. அதற்காக இன்னொரு திருத்த அடுக்கு இருந்தாலும், அதையும் மீறினால் பாட்டு திக்கும். மேடைக்கு ஆடியோ சிடியே என் தேர்வு. எழுதும்போது கடைசிப் பத்து நிமிடத்தைக் காலியாக விடுங்கள். விரல் படுவது விளிம்பில்தான்.

பைக்குள் வரிசை தாள வேகப்படி இருக்கட்டும். வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் சுருதி அரைச் சுரம் ஏறிவிடும்; எனவே நிமிடத்துக்கு 100-லிருந்து 106 தாள அடி வரை உள்ளவை ஒரு பக்கம், அதற்கு மேலே அடுத்த பக்கம் என்று போனால் பாட்டுக்குப் பாட்டு நழுவுவது உறுத்தாது.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். சினிமாப் பாட்டு எங்கும் கிடைக்கும். உங்கள் அப்பா பதிவு செய்த கானாக் கச்சேரிகள், சாவு வீட்டில் விடிய விடியப் பாடியவை, வேறெங்கும் இருக்காது. ஆவணக் காப்பகங்கள் இவற்றையும் தேடி வந்து வாங்க வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், அந்த டிஸ்குகளைக் குறைந்த வேகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் போட்டுவையுங்கள். ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொரு டிரைவ் படித்துவிடுவதும் உண்டு, அதனால் எதையும் அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம்.