நிறத்தை விட்டுக்கொடுத்தால் கிடைக்கும் வெளிச்சம்

ஹட்டனில் கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் கமரா, கலர் கமராவைவிட விலை கூடவாம். ஃபோனிலேயே நிறத்தை நீக்கிவிடலாமே. இதை யார் வாங்குவார்கள்?”

நியாயமான கேள்வி. விடை கமராவுக்குள், ஒளியை அளக்கும் சிலிக்கன் சில்லான உணரியில் இருக்கிறது.

உணரியில் கோடிக்கணக்கான நுண்ணிய குழிகள் உண்டு. ஒளி பட்டதும் சிலிக்கனில் இலத்திரன்கள் விடுபடும். குழிக்கு எத்தனை என்று கமரா எண்ணிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த எண்ணிக்கையில் நிறமே இல்லை. வானத்து நீலத்துக்கும் கொழுந்தின் பச்சைக்கும் சிலிக்கனுக்கு வேறுபாடு தெரியாது.

கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இதற்கு வழி செய்தது. ஒவ்வொரு குழிக்கு மேலும் ஒரு வண்ண வடிகட்டி: நான்கு குழிகளில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். இன்றைய கமராக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இயங்குகின்றன.

ஒரு தேயிலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் அரம் போலப் பல் பல்லாக இருக்கும். அந்தப் பல்லின் நுனி ஒரு சிவப்புக் குழியின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அளக்கப்பட்டது சிவப்பு மட்டுமே. பச்சையும் நீலமும் எவ்வளவு என்பதைப் பக்கத்துக் குழிகளைப் பார்த்துக் கமரா கணித்துக்கொள்கிறது. ஆக, நாம் பார்க்கும் கலர்ப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்! கெட்டிக்கார ஊகம்தான், ஆனாலும் அந்தப் பல்லின் நுனி சற்று மழுங்கிவிடும். ஃபோனில் நிறத்தை நீக்கினாலும் அந்த மழுங்கல் போகாது.

வடிகட்டியே இல்லாத உணரியில் ஒவ்வொரு குழியும் தன் மேல் விழுந்ததை நேரடியாக அளக்கிறது. வடிகட்டி விழுங்கிய வெளிச்சமும் திரும்பக் கிடைக்கிறது. 2023இல் வந்த பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோகுரோம் என்ற கறுப்பு வெள்ளைக் கமராவின் அடிப்படை ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறனின் அளவு) 200, அதன் கலர்ச் சகோதரனுக்கு 100. பனி மூடிய காலையில், மலையில் கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுத்தவர்களுக்கு இந்த இரட்டிப்பின் அருமை தெரியும்.

இழப்பும் உண்டு. வெளிச்சம் மிகுந்து கலர் கமராவில் ஒரு நிறத்தின் குழிகள் நிரம்பி வழிந்தாலும் மற்ற இரண்டிலிருந்து கொஞ்சம் மீட்கலாம். இதில் எல்லாக் குழிகளும் ஒன்றாக நிரம்பும். வெளுத்த இடம் வெளுத்ததுதான். வானத்தைக் கறுக்க வைக்க வேண்டுமானால் லென்ஸுக்கு முன் சிவப்புக் கண்ணாடியை மாட்ட வேண்டும். தூரத்து மலைகளின் நீலப் புகைமூட்டத்தை அது குறைக்கும். நம் பனிமூட்டத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது. நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன.

இனிச் சந்தை. கோடக் 2001இல் டிசிஎஸ் 760எம் என்ற கமராவைக் கொண்டுவந்தது. லைக்கா 2012இல் தொடங்கி 2015, 2020, 2023 என்று எம் வரிசையில் மட்டும் நான்கு தலைமுறை மோனோகுரோம் கமராக்களை வெளியிட்டுவிட்டது. விற்காத பொருளுக்கு நான்காம் தலைமுறை ஏது? வாங்குபவர்கள் குறைவு, குறைவாகச் செய்வதால் விலை கூடுகிறது. ஆனால் நிறமறியா உணரி அப்படியொன்றும் அரிய பொருளல்ல. தொழிற்சாலைப் பரிசோதனைக் கருவிகளிலும் நுண்நோக்கிகளிலும் வானியல் கமராக்களிலும் அதுதான் உழைக்கிறது. அந்தத் தேவை இருக்கும்வரை, கடையில் விற்கும் கமராவும் சிறிய சந்தையோடு தாக்குப்பிடிக்கும் என்பது என் கணிப்பு.

ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நலமான இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் தெறிக்கவிடும். வாடும் இலையில் அது மாறும். வண்ண வடிகட்டியோடு அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியும் இல்லாத சிலிக்கன் அதைப் பார்க்கும். தேயிலையை நம்பி வாழும் மலையகத்தின் பாடசாலைகளுக்கு இத்தகைய ஒரு சிறு கமராவும் நுண்நோக்கியும் வாங்கிக் கொடுக்கப் பணம் ஒதுக்கவேண்டும். அதை வீண்செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

தம்பி, கல்யாண வேலைக்கு இதை வாங்காதீர்கள். கூறைச் சேலையின் சிவப்பு எங்கே என்று பெண்வீட்டார் கேட்பார்கள். யாரிடமாவது இரவல் கிடைத்தால், விடியற்காலையில் தோட்டத்து லய வீட்டு வாசலுக்குக் கொண்டுபோங்கள். வானத்தின் வெண்மைக்கு வெளிச்சத்தை அளந்துவிட்டு, கொழுந்து பறிக்கையில் மட்டக்குச்சி பிடித்துக் காய்த்துப்போன உங்கள் அம்மாயியின் விரல்களை எடுங்கள்.