சரிவில் ஓடும் மழையை மரத்தடியிலேயே நிறுத்த

அடியும் மூடியும் வெட்டி எடுத்த ஒரு மைலோ டின் இருந்தால் போதும், உங்கள் செம்பனைத் தோட்டம் மழையை எப்படி வாங்குகிறது என்று பார்த்துவிடலாம். டின்னை மண்ணில் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அடித்து, ஒருமுறை தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிடுங்கள். அது வற்றியதும் மறுபடி ஊற்றி, 10 சென்டிமீட்டர் நீர் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மட்டை அடுக்கிய இடத்தில் ஒன்று, மரத்தைச் சுற்றிச் சுத்தம் செய்த வட்டத்தில் ஒன்று, குலை தள்ளிக்கொண்டு போகும் பாதையில் ஒன்று என்று மூன்று இடத்தில் செய்ய வேண்டும். மட்டைக்கடியில் நீர் மளமளவென்று இறங்கும். வட்டத்தில் மெதுவாக இறங்கும். பாதையிலோ அரை மணி நேரம் கழித்தும் தேங்கி நிற்கலாம்.

மூன்று இடத்திலும் மண் ஒன்றுதான். வெற்று மண்மீது பெரிய மழைத்துளி விழும்போது மண்கட்டி உடைந்து தூளாகிறது. அந்தத் தூள் மண்ணின் துளைகளை அடைத்து, மேலே மெல்லிய ஓடு போலப் படிந்துவிடுகிறது. பாதையில் ஆளும் தள்ளுவண்டியும் மோட்டார் சைக்கிளும் போய்ப்போய்த் துளைகளே நசுங்கியிருக்கும். மட்டைக்கடியில் துளி நேராக மண்ணில் மோதுவதில்லை. அங்கே மண்புழுவும் சல்லிவேரும் போட்ட வழிகள் திறந்தே இருக்கின்றன.

நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரச் சிறுதோட்டக்காரர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. நாட்டிலேயே மழை குறைந்த இடமென்று பெயரெடுத்த ஜெலுபு பக்கத்து மாவட்டம்தான். செம்பனைக்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை, அதுவும் மாதம் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கிடைத்தால் நல்லது. இங்கே அப்படிப் பரவலாகப் பெய்வதில்லை. சில வாரம் ஒன்றுமே இருக்காது, பிறகு ஒரே சாயங்காலத்தில் கொட்டித் தீர்க்கும். 50 மில்லிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் மூன்றிலொரு பங்கு ஓடினாலும் 66,000 லிட்டர் போய்விடுகிறது, போட்ட உரத்தையும் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு.

வறட்சியின் அடி உடனே தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். பூ ஆணா பெண்ணா என்பது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அப்போது தண்ணீர் போதாவிட்டால் ஆண் பூ கூடும், குலை குறையும். அதற்குப் பின்னும் வறட்சி வந்தால் இளம் பூங்கொத்தே கருகிவிடும். 2015-இல் எல் நினோ வறட்சி அடித்தது. அந்த ஆண்டு ஹெக்டருக்கு 18.48 டன்னாக இருந்த மலேசியாவின் சராசரிக் குலை விளைச்சல் 2016-இல் 15.91 டன்னுக்கு இறங்கியது. விளைச்சல் விழுந்த பிறகு உரத்தைக் கூட்டிப் பயனில்லை. மண்ணுக்குள் ஈரத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வேலைக்குக் காசே தேவையில்லை. வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்க வேண்டும். ஒரு மரத்திலிருந்து ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட மட்டை விழுகிறது, அதை மேலிருந்து கீழாகப் போட்டால் அதன் ஓரமே வாய்க்காலாகிவிடும். மட்டை மண்ணைத் தொட்டுக் கிடக்க வேண்டும், தூக்கிக்கொண்டு நின்றால் நீர் அடியில் நுழைந்து ஓடும். முள் உள்ள அடிப்பகுதியை வெட்டி, நடக்கும் பக்கம் வராமல் உள்பக்கம் திருப்பிப் போடுங்கள். பாதை குறுக்கிடும் இடத்தில் அடுக்கு அறுந்துபோகும், சுற்றுவட்டார நீரெல்லாம் அந்த இடைவெளியில்தான் பாயும். அங்கே பாதைக்குக் குறுக்கே 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மண்மேடு போட்டு, சற்றுச் சாய்த்து நீரை மட்டை அடுக்குக்குள் திருப்பிவிடுங்கள். செங்குத்தான பாதையில் 10 மீட்டருக்கு ஒரு மேடு வேண்டும்.

களைமருந்து அடிப்பதையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். வட்டத்திலும் பாதையிலும் மட்டும் அடித்தால் போதும். நடுவரிசையில் வளரும் பன்னச்செடியைக் கொன்று தோட்டத்தைத் துடைத்து வைப்பது பார்க்க அழகுதான், ஆனால் மேல்மண்ணை நீங்களே மழையிடம் கொடுக்கிறீர்கள். புது நடவாக இருந்தால் முக்குனா கொடி நல்ல மூடுபயிர். அது கன்றின்மேல் ஏறிவிடும் என்பதால் வட்டத்தை அடிக்கடி வெட்டி விலக்க வேண்டும்.

ஆலையிலிருந்து வெறுங்குலை (பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலை) கிடைத்தால் ஏக்கருக்கு 16 டன், அதாவது மரத்துக்கு 280 கிலோ அளவுக்கு, ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்தால் உள்ளே அழுகிக் காண்டாமிருக வண்டு முட்டையிடும், ஈயும் பெருகும். ஈரமான நாளில் லோரியைத் தோட்டத்துக்குள் விடக் கூடாது. அதன் சக்கரம் இறுக்கிவிடும் மண் மறுபடி தளர வெகுகாலம் ஆகும்.

இதெல்லாம் செய்த பிறகே, ஓடும் நீரைப் பிடிக்கும் குழி. பல இடங்களில் குழியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், உதவி கொடுப்பவர்களும் குழியை எண்ணித்தான் பார்க்கிறார்கள். மேலே மண் மூடப்படாமல் கிடந்தால் சில பெருமழையிலேயே குழி வண்டலால் தூர்ந்துவிடும்.

குழி சமமட்டக் கோட்டில் அமைய வேண்டும். கண்ணால் பார்த்து வெட்டினால் ஒரு முனை தாழ்ந்து, அந்தப் பக்கமே உடைத்துக்கொண்டு ஓடும். 2 மீட்டர் மூங்கில் இரண்டை உச்சியில் கட்டிக் காலை அகட்டி, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் நீர் நிரப்பிய சிறு போத்தலைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை இரண்டு முளைமேல் நிறுத்தி, குறுக்குக் கம்பில் கயிறு தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் கயிறு நிற்கும்போது இரு காலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அப்படியே சட்டத்தைச் சுழற்றி நடந்து, காலுக்கு ஒரு குச்சி நட்டால் கோடு தயார்.

குழி 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் இருக்கட்டும். இரண்டு வரிசைக்கு நடுவில், மேல்வரிசைக் குழிகளின் இடைவெளிக்கு நேராகக் கீழ்க்குழி வரும்படி வெட்டுங்கள். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாக மிதித்துவிடலாம். அகலத்தைக் கூட்டினால் நல்லது என்று தோன்றும், ஆனால் அடியில் இறங்கும் நீர் வேரைத் தாண்டிப் போய்விடும். செம்பனையின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. பக்கச் சுவர் வழியாகக் கசிவதுதான் அவற்றுக்குச் சேரும், அதனால் நீண்டு குறுகிய குழியே மேல். ஏக்கருக்குப் பத்துக் குழி ஒருமுறை நிரம்பினால் 30,000 லிட்டர் பிடிக்கும்.

நீர் மூன்று நாளில் வற்ற வேண்டும். ஒரு வாரம் நின்றால் கொசுப்புழு கொசுவாகிவிடும். களிமண்ணாக இருந்தால் ஆழத்தை 60 சென்டிமீட்டராகக் குறைத்து, அடியில் வெறுங்குலையைப் போடுங்கள். செங்குத்தான சரிவில் குழியே வேண்டாம், ஊறிய மண் சரிந்து வரும். அங்கே உள்பக்கம் சாய்ந்த படிக்கட்டு வரப்புதான் சரி. குலை வெட்டுகிறவர் மேலே பார்த்துக்கொண்டே நடப்பவர், ஆகவே பாதையை ஒட்டிக் குழி இருக்கவே கூடாது.

ஒரு சரிவில் நாலைந்து பேருக்கு நிலம் இருக்கும்போது, மேட்டில் இருப்பவர் செய்யாததை பள்ளத்தில் இருப்பவர் ஈடுகட்ட முடியாது. உச்சியில் தொடங்கி ஒவ்வொரு தோட்டமாக இறங்கும் கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுவேலைதான் இதற்குச் சரிப்பட்டு வரும். மூங்கில் சட்டம் ஒன்று, குச்சிகள் ஒரு கட்டு இருந்தால் ஊருக்கே போதும். கீழே ஓடை ஓடினால் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டுதல்படி, 5 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இருபுறமும் 5 மீட்டர், 5 முதல் 10 மீட்டர் ஓடைக்கு 10 மீட்டர் கரைப்பகுதியில் உரமும் மருந்தும் போடாமல் செடிகளை விட்டுவைக்க வேண்டும். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமான எம்பிஓபி-யின் துனாஸ் அதிகாரிகள் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லத்தான் இருக்கிறார்கள். கூட்டாகப் போய்க் கேட்டால் சரிவு முழுவதையும் ஒன்றாகக் காட்டலாம்.

மழைக்காலம் முடிந்ததும் குழியில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். வண்டல் பாதி ஏறியிருந்தால் அள்ளி, மேல்வரிசை மரங்களைச் சுற்றிப் பரப்புங்கள். ஓடி வந்த உரம் அதற்குள் இருக்கிறது. கரையில் ஓட்டை விழுந்திருந்தால் அப்போதே அடைத்துவிடுங்கள்.