குரல் உடையும் வயதும் பாட்டு பீரியடும்

ஜூலையில் பாடகர் குழுவுக்கு ஆள் எடுக்கப் போனால் எட்டாம் வகுப்புப் பையன்கள் கடைசி பெஞ்சில் பதுங்குவார்கள். "சார், எனக்குத் தொண்டை சரியில்ல" என்பான் ஒருவன். தொண்டைக்கு ஒன்றுமில்லை, குரல் உடைகிறது. கிறிஸ்தவ மேல்நிலைப் பள்ளிகளில் இருபது வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பையன்கள் பாட்டை விட்டுப் போவது பெரும்பாலும் இந்த வயதில்தான். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

12, 13 வயதையொட்டிக் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. எல்லாம் அடங்கும்போது குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் 'ச'விலிருந்து கீழ் 'ச'வரை, இறங்கியிருக்கும். பெண் பிள்ளைகளுக்கும் மாறும். கொஞ்சமே என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இடைப்பட்ட மாதங்களில் சில பையன்களுக்கு ஏழெட்டு சுரம்கூட ஒழுங்காகப் பிடிபடாது. அவனிடம் போய்ச் சின்ன வகுப்பில் பாடிய அதே சுருதியில் கிறிஸ்மஸ் பாட்டைக் கேட்டால் குரல் கீறத்தான் செய்யும். வகுப்பு சிரிக்கும். அப்புறம் வாயே திறக்கமாட்டான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் தப்புதான் செய்தேன். கீறுகிற பையன்களை நாற்காலி தூக்க, மைக் வயர் சுற்ற அனுப்பினேன். இப்போது ஒவ்வொருவனுக்கும் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம்வரை சிரமமில்லாமல் வருகிறது என்று மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வைக்கிறேன். அதற்குள் அடங்குகிற பகுதியை மட்டும் பாடக் கொடுக்கிறேன். கத்திப் பாடக் கூடாது, வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் குரல் மாற்றம் என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்குச் சீட்டு அனுப்புவேன்.

இதற்கு நம் பள்ளிகளில் தனி வசதி உண்டு: பாமாலை, அதாவது மேற்கத்திய மெட்டில் பாடும் சபைப் பாட்டுகள். அதில் மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல். ஆறாம் வகுப்பில் சோப்ரானோ பாடியவன் ஆல்டோவுக்கு இறங்கி, பிறகு டெனரிலோ பேஸிலோ போய் நிற்கலாம். குழுவைவிட்டு ஒருநாளும் வெளியேற வேண்டாம். பக்கத்தில் கிறிஸ்தவக் கீர்த்தனை இருக்கிறது; ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ராகம் தாளத்தோடு விட்டுப்போன சொத்து. 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டுத் தமிழிசையை ஆராய்ந்த ஆபிரகாம் பண்டிதரும் இந்த வழி வந்தவர்தான். ஒரே பீரியடில் நாலு குரல் இசைவும் ராகமும் கிடைப்பது எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்? என் வகுப்பில் பாதிப் பேர் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் 'போர்ஷன் முடியல' என்று பாட்டு பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நவம்பர் கடைசியில் ஓடிவந்து, "சார், கேரல் சர்வீஸுக்கு ரெடி பண்ணிடுங்க" என்கிறார்கள். மூன்று வாரத்தில் கிளிப்பிள்ளைப் பாட்டுதான் வரும். வாரம் 40 நிமிடம், ஜூனிலிருந்து கொடுங்கள் என்று ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

தொண்டை சரியில்லை என்று பதுங்கிய ஒருவன் இப்போது பிளஸ் ஒன். பேஸ் வரிசையில் கடைசி ஆள். ஒத்திகை முடிந்ததும் மைக் வயரையும் அவனே சுற்றி வைக்கிறான், யாரும் சொல்லாமலே.